கொள்ளு காயும் மாதத்தில் ஒரு பந்தயம்

ஃபவுண்டரி முதலாளி சென்னகேசவன் எனக்கு மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. பேரிங் இரண்டாயிரத்து நூற்று ஐம்பது, கூலி ஆயிரத்து ஐந்நூறு. இரண்டரை வருடம் தரவில்லை. அந்தப் பணம் வராததால் என் வீட்டு அடுப்பு அணைந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட நான் அதை மறக்கவில்லை.

என் பெயர் மயில்சாமி. வயது அறுபத்து மூன்று. பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே சைக்கிள் கடை. பஞ்சர் கடை என்று நினைத்துவிட வேண்டாம். என் கடையில் நிற்கிற சைக்கிள்களில் பாதி, மோட்டார் சைக்கிளைவிட விலை கூடியவை. நான் படித்தது நாலாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். பன்னிரண்டு வயதில் வாடகை சைக்கிள் கடையில் காற்றடிக்க நின்றேன். இருபத்தாறு வயதில் அந்தக் கடையையே வாங்கினேன். ஐம்பது வயதில் முதல் கியர் சைக்கிள் ரிப்பேருக்கு வந்தபோது எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. உக்கடம் காயலான் கடையில் உடைந்த கியர்கள் ஒரு சாக்கு வாங்கி வந்து, மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்து மாட்டினேன். என் மனைவி ராமாமணி சோற்றுத் தட்டிலிருந்து ஸ்பிரிங் பொறுக்கியிருக்கிறாள். இன்றைக்குத் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் என்னைத் தேடி ஆள் வருகிறது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

சென்னகேசவனுடையது ரோட்டில் ஓட்டுகிற மெல்லிய டயர் சைக்கிள். நாலரை லட்சம். மேடு ஏறும்போது பெடல் பக்கம் 'கிர்க் கிர்க்' என்று ஒரு சத்தம். டவுனில் மூன்று கடைகளில் காட்டியிருக்கிறார். மூன்று பேரும் பெடல் அச்சையே தட்டித் தட்டிக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நான் சைக்கிளைத் தொடவே இல்லை. அவரை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னாலேயே என் மொபெட்டில் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் சத்தம் நின்றது. உட்கார்ந்தால் வந்தது. அப்புறம் என்ன, கோளாறு சீட்டுக் குழாயில். துடைத்து, கிரீஸ் வைத்து, மற்றவர்கள் தட்டிக் கெடுத்த பேரிங்கையும் மாற்றிக் கொடுத்தேன்.

"சுத்தமா நின்னுபோச்சு மயில்சாமி. பணத்த நாளைக்கு அனுப்பிப்போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை அவர் சிரித்தார். "ஒரு கொழாயத் தொடச்சு மாட்டுனதுக்கு ஆயிரத்தைநூறாப்பா? இத யாரு வேணா பண்ணுவாங்க."

அதோடு விட்டிருந்தால் பணத்தைக் கழித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அவர் விடவில்லை. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு விடிந்தால் என் கடை முன்னால் மூன்று கூட்டம் சேரும். ஒன்று ஓடுகிறவர்கள். இன்னொன்று மெல்லிய டயர் ரோட்டு சைக்கிள்காரர்கள். மூன்றாவது, அகல டயர் போட்டு மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிற மலை சைக்கிள்காரர்கள். மூன்று கூட்டத்துக்கும் ஒருவரை ஒருவர் கேலி பேசாமல் விடியாது. ரோட்டுக்காரர்கள் மலைக்காரர்களை 'உழவு மாடு' என்பார்கள். மலைக்காரர்கள் திருப்பி, "உங்க வண்டி எச்சித் துப்புனாலே பஞ்சராகும்" என்பார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து இரண்டு பேரும், "பாவம், சைக்கிள் வாங்க வசதியில்ல" என்பார்கள். "கால் இருக்கறவங்களுக்கு எதுக்குங்க வண்டி?" என்று பதில் வரும்.

வருடத்துக்கு ஒரு தடவை இந்த வாய்ச் சண்டையைத் தீர்க்க ஒரு பந்தயம். மலையடிவாரத்தில் வேட்டைக்காரசாமி கோயில் இருக்கிறது. அங்கே மூன்று வழியாகப் போகலாம். தார் ரோட்டில் சுற்றிப் போனால் முப்பத்தொரு கிலோமீட்டர். வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி மண்பாதையிலும் ஓடைப் பள்ளத்திலும் விழுந்து போனால் பத்தொன்பது. வரப்பு வழியாகக் குறுக்கே ஓடினால் பன்னிரண்டு. அவரவர் வழியில் அவரவர். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஒரு அணிக்கு மூன்று பேர், அதில் ஒருவர் அறுபது தாண்டியவர். மூன்றாவது ஆள் கோயில் ஆலமரத்தைத் தொடுகிற நேரம்தான் அணியின் நேரம். கடைசியில் வருகிற அணி எல்லோருக்கும் டிபன் வாங்கி, இலை போட்டுப் பரிமாற வேண்டும். பணம் காசு கிடையாது. அறுபது வயது விதியைக் கொண்டுவந்தவரே சென்னகேசவன்தான். அறுபத்தொரு வயதில் தன்னைப் போல ஓட்டுகிறவன் இந்தப் பக்கம் யாரும் இல்லை என்று அவருக்கு நினைப்பு.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பந்தயத்தில் ரோட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது சென்னகேசவன் எழுந்து, என் பக்கம் கையை நீட்டி, "யாரும் அந்தக் கடைல வண்டியக் குடுத்துராதீங்க. நாலரை லட்ச ரூபா பிரேம்ல கோடு போட்டுட்டான்" என்றார். கோடு நான் போட்டதில்லை. சைக்கிள் என்னிடம் வரும்போதே இருந்தது. தரவேண்டிய பாக்கியை மறைக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

நான் இலையில் இருந்ததைத் தின்று முடித்துக் கை கழுவினேன். அந்த வருடம் பதினோரு வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். பதினோரு பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.

ராமாமணிகூட ஒரு நாள் சொன்னாள். "மூவாயிரத்துக்கு இத்தன வெசனமா? நாந் தர்றேன், புடிங்க."

"உன்ற பணம் எனக்கெதுக்கு? அவரு கையிலிருந்து வரோணும்" என்றேன்.

போன வருடம் பந்தயத்தன்று முந்தின இரவு பெய்த மழையில் மலைக்காரர்கள் போகிற பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர். அர்ஷத்தான் மலை அணிக்குத் தலைவன். கோட்டைமேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பையன், முப்பது வயது, தங்கமானவன். "தண்ணி நின்ன நேரத்தக் கழிச்சுக்கலாங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். சென்னகேசவன் ஒப்புக்கொள்ளவில்லை. "வழியில இருக்கறதும் வழிதான் தம்பி. அதுக்குத் தனிக் கணக்கெல்லாங் கெடையாது" என்றார். அர்ஷத் இலை போட்டான்.

இந்த முறை மார்கழியில் நடக்க வேண்டிய பந்தயம் மழையால் தள்ளிப்போனது. தை பிறந்து இரண்டாவது வாரம், புதுத் தேதி குறிக்க மூன்று கூட்டமும் என் கடைக்கு வந்தார்கள். அர்ஷத் அணியில் அறுபது தாண்டியவராக ஓட்டுகிற ஆளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"அண்ணா, நீங்க ஓட்டுங்க" என்றான் அர்ஷத்.

சென்னகேசவன் சிரித்துவிட்டார். "மயில்சாமியா? இங்கிருந்து மார்க்கெட்டுக்குப் போறதுக்குள்ள மூச்சு வாங்குமே."

"ஓட்டறேனுங்க" என்றேன். "உங்களுக்கு முன்னால போய்ச் சேந்துட்டா என்ற மூவாயிரத்தறுநூத்தம்பத எண்ணி என் கையில வெக்கறீங்களா?"

சென்னகேசவனுக்கு முகம் சிவந்தது. இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியாது.

"வெக்கறேன். நீ தோத்தா?"

"சொல்லுங்க."

"பிரேம்ல கோடு போட்டது நாந்தான்னு, சாப்பாட்டு நேரத்துல எந்திரிச்சு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லோணும்."

"சொல்றேனுங்க."

அப்படிச் சொன்னால் மீதி வாடிக்கையும் போகும். ஐம்பது வருடப் பெயர் போகும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

ஓட்டக்காரர்களின் தலைவி கிருபா, என் தம்பி முறை ஆகிறவரின் மகள். மேட்டுப்பாளையத்தில் நர்ஸ். அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். "பெரியப்பா, தேதிய நீங்களே சொல்லுங்க. இந்தப் பக்கத்து மழை வெயிலெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

நான் காலண்டரைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். "மாசி மொத ஞாயிறு வெச்சுக்கலாம் கண்ணு. மழ வராது. ரோடெல்லாம் காஞ்சு கெடக்கும்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மலையடிவாரத்தில் மானாவாரிக் காடுகளில் கொள்ளு விதைப்பார்கள். தை கடைசியில் செடியைப் பிடுங்கிக் காட்டிலேயே ஒரு வாரம் காயப்போடுவார்கள். பிறகு களம் தேடி யாரும் போவதில்லை. தார் ரோட்டில் முழங்கால் உயரத்துக்குக் கொடியோடு பரப்பிவிடுவார்கள். காரும் லாரியும் மேலே ஏறி ஏறிப் போனால் காய் வெடித்துக் கொள்ளு உதிர்ந்துவிடும். கூலி மிச்சம். வேட்டைக்காரசாமி கோயிலுக்கு மாசி ஞாயிறுகளில்தான் கார் கூட்டம் வரும். அதனால் அந்த ரோட்டில் கொள்ளு பரப்புவது ஞாயிறு காலையில்தான். மார்கழியில் மட்டுமே அந்தப் பக்கம் பந்தயம் ஓட்டியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஃபோனில் இருக்கிற மேப்பில் கொள்ளுச் செடி தெரியாது.

அந்த ரோட்டோரத்தில் ஐந்து ஏக்கர் கொள்ளு நஞ்சப்பனுடையது. என் வயதுக்காரர். ஒரு வாரத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன்.

"எப்ப ரோட்டுல போடறீங்க?"

"மாசி மொத ஞாயித்துக்கெழம. ஏம்ப்பா மயிலு, உனக்கென்ன கொள்ளுல அக்கற?"

"ரெண்டு படி வேணும். அப்பறம் ஒண்ணு சொல்றேங் கேளுங்க. வளைவுல போடாதீங்க. வண்டிக்காரன் எவனாச்சும் விழுந்து மண்டைய ஒடச்சுக்குவான். வளைவு தாண்டி, தூரத்துலிருந்தே தெரியற மாதிரி நேர் ரோட்டுல போடுங்க."

அவர் சரி என்றார். நான் பழிவாங்குகிறவன்தான். ஆளைப் படுக்க வைக்கிறவன் இல்லை. இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கி நானூறு மீட்டர் நடந்தால் ஒரு கோளாறும் வராது. அப்படி நடந்தால் அவர்கள் என்னை ஜெயிக்கவும் கூடும். நடப்பதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

அர்ஷத்திடமும் கிருபாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் நல்லவர்கள், போய்ச் சொல்லிவிடுவார்கள்.

சென்னகேசவன் ஏமாளி இல்லை. சனிக்கிழமையே தன் அணியைக் கூட்டிக்கொண்டு முப்பத்தொரு கிலோமீட்டரையும் ஓட்டிப் பார்த்தார். போகும்போது என் கடை முன்னால் நின்று, "ரோடு கண்ணாடியாட்டம் இருக்குது மயில்சாமி. சொல்லவேண்டியத மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை ரோடு கண்ணாடிதான்.

நான் ஒரு மாதமாகக் காலை நாலரைக்கு எழுந்து இட்டேரியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் சைக்கிள் காயலான் கடை இரும்பு பிரேம், நானே கோத்த சக்கரம். பதினாறு கிலோ. சென்னகேசவனின் சைக்கிள் ஏழு கிலோ. அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அர்ஷத் முன்னால், தமிழ்ச்செல்வன் என்ற பையன் நடுவில், நான் கடைசி. முதல் எட்டு கிலோமீட்டர் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன் சக்கரத்தில் காற்று குறைவது கையில் தெரிந்தது. வேலாமுள். முன்னால் போனவர்களுக்குச் சத்தம் கொடுக்கவில்லை. நின்று, டியூபை உருவி, வேறு டியூப் போட்டு, காற்றடித்து எழுந்தேன். ஐந்து நிமிடம். பந்தயத்தில் பஞ்சரை ஐந்து நிமிடத்தில் முடிக்கிற அறுபத்து மூன்று வயதுக்காரன் இந்த ஜில்லாவில் வேறு இருந்தால் காட்டுங்கள்.

ஆனால் ஐந்து நிமிடம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. கொள்ளைப் பார்த்து அவர் இறங்கி நடந்திருந்தால்? நஞ்சப்பன் இன்றைக்குப் பரப்பாமல் விட்டிருந்தால்? நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிற என் குரல் என் காதிலேயே கேட்டது. மீதி வழி முழுவதும் நான் மிதித்தது கால் பலத்தில் இல்லை. ஆத்திரத்தில்.

கடைசி அரை கிலோமீட்டர் இட்டேரி தார் ரோட்டில் சேரும். அங்கே திரும்பும்போது கோயில் ஆலமரத்தடியில் ரோட்டுக்காரர்களின் நீலச் சட்டை இரண்டு தெரிந்தது. மூன்றாவது சட்டையைத் தேடிக்கொண்டே மிதித்தேன். மரத்தைத் தொட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அர்ஷத் தண்ணீர் கொடுத்தான்.

"சாரு எங்கீங்க?" என்று நீலச் சட்டைப் பையனைக் கேட்டேன்.

"பின்னால வராருங்க. ரோட்டுல என்னவோ செடியப் போட்டு வெச்சிருக்காங்க. நாங்க எறங்கித் தூக்கிட்டு வந்துட்டோம். சாரு, வேகமாப் போனாத் தாண்டிரலாம்னு உள்ள உட்டுட்டாருங்க."

நான் தண்ணீரைக் குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை இதற்கு முன் குடித்ததில்லை.

ஓட்டக்காரர்கள் எங்களுக்கு நாலு நிமிடம் முன்பே வந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களின் மூன்றாவது ஆள் ரங்கநாயகி, ஓய்வு பெற்ற டிரில் டீச்சர், அறுபத்திரண்டு வயது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "சக்கரம் வெச்சவங்கெல்லாம் இப்பத்தான் வாரீங்களா?" என்றார். பந்தயத்தை ஜெயித்தது அவர்கள்தான். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் என் பந்தயம் அவர்களோடு இல்லை.

இருபத்தாறு நிமிடம் கழித்துச் சென்னகேசவன் வந்தார். நடந்து வந்தார். சைக்கிள் தோளில். ஷூ இரண்டும் கையில். அந்த ஷூவின் அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை இருக்கும், கொள்ளுக் கொடியில் அது வழுக்கியிருக்கிறது. பின் சக்கரத்துப் பல்லிலும் அதற்குக் கீழே தொங்குகிற கியரிலும் கொடி கயிறு கயிறாகச் சுற்றி இறுகி, கியர் வளைந்து கம்பிகளுக்குள் போயிருந்தது. அவருக்குப் பின்னாலேயே நஞ்சப்பன் வந்தார், விளக்குமாறோடு.

"ஏனுங்க, ஒரு படி கொள்ளு இவரு வண்டியிலயே வந்திருக்குமாட்ட இருக்குது. உதறிப்போட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் நஞ்சப்பன். "இந்த வண்டிக்கு எடையும் இல்ல. பத்துத் தடவ மேல போனாலும் ஒரு காய் ஒடையாது."

ஆலமரத்தடி முழுக்கச் சிரிப்பு. சென்னகேசவன் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தேதி குறிச்சது நீ."

"ஆமாங்க."

"கொள்ளுப் போடுவாங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

அர்ஷத் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணா, எங்ககிட்டயாச்சும் சொல்லிருக்கலாமுல்ல?" அவன் முகத்தில் கோபம் இருந்தது. இருக்கட்டும். அவனுக்கு நான் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

"இது பந்தயமே இல்ல. ஏமாத்து வேல" என்றார் சென்னகேசவன். "நான் ஒத்துக்க மாட்டேன்."

ரங்கநாயகி டீச்சர்தான் பேசினார். "போன வருசம் பள்ளத்துல தண்ணி நின்னப்ப இந்தப் பையன் கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. வழியில இருக்கறதும் வழிதான்னு சொன்னீங்க. தண்ணின்னா வழி, கொள்ளுன்னா வழியில்லையா? உங்க பசங்க ரெண்டு பேரும் எறங்கி நடந்துதான வந்தாங்க?"

நீலச் சட்டைகள் இரண்டும் ஆமாம் என்று தலையாட்டின.

"எலையப் போடுங்க மாமா. பசிக்குது" என்றாள் கிருபா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சென்னகேசவன் இலை போட்டார். ஒவ்வொரு இலையாக. என் முன்னால் குனிந்து இலை போட்டு, இட்லி வைத்து, சட்னி ஊற்றினார். நான் மெதுவாகச் சாப்பிட்டேன். இன்னும் ஒரு இட்லி கேட்டேன். பசி இல்லை. இருந்தாலும் கேட்டேன். சாம்பாரும் கேட்டேன்.

எல்லோரும் கை கழுவிய பிறகு அவர் ஃபோனை எடுத்தார். "நம்பரச் சொல்லு. இப்பவே ஜிபே பண்ணிப்போடறேன்."

"கையில எண்ணி வெக்கறதாத்தானுங்க பேச்சு."

"ஓட்டற சட்டையில பணத்த எங்கப்பா வெக்கறது? நோட்டு இல்ல."

"நான் இருக்கறேனுங்க. அவசரமில்ல."

அவர் தன் இரண்டு பையன்களையும் பார்த்தார். ஒருவனிடம் இருநூறு இருந்தது. மற்றவனிடம் ஃபோன் உறையில் மடித்து வைத்த ஐந்நூறு. டிபன் கொண்டுவந்த வேன் டிரைவரிடம் ஐந்நூறு வாங்கினார். அதற்கு மேல் யாரிடமும் இல்லை. இருந்தவர்களும் கையை எடுக்கவில்லை. கடைசியில் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட இருக்குதுங்களா?"

நஞ்சப்பன் மடியை அவிழ்த்தார். முந்தின நாள் புளி விற்ற பணம். "எவ்வளவு வேணுமுங்க?"

"ரெண்டாயிரத்து நானூத்தம்பது."

"சாங்காலத்துக்குள்ள குடுத்துருவீங்களா? ஆளுங்களுக்குக் கூலி குடுக்கோணும்."

"குடுத்துர்றேன்."

"எழுதிக்க வேண்டியதில்லீங்களே?" என்று கேட்டார் நஞ்சப்பன். அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது பொங்கல் மாதிரி இனித்தது.

சென்னகேசவன் தன் சைக்கிளைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தக் கொடியையும் கியரையும் நீயே எடுத்து உட்டுரு மயில்சாமி. அதுக்கும் சேத்தி வாங்கிக்கோ" என்றார்.

"மொதல்ல பழசுங்க."

நான் எழுந்து நின்றேன். வலது கையை நீட்டி விரித்தேன். விரலில் கிரீஸ் கறை இருந்தது, துடைக்கவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் கடைக்கு வருவதை நிறுத்திய பதினோரு பேரில் ஆறு பேர் அங்கே இருந்தார்கள்.

அவர் முதல் நோட்டை வைத்தார். "ஐநூறு."

"எல்லாருக்கும் கேக்கட்டுங்க."

"ஆயிரம்" என்றார், குரலை உயர்த்தி. பிறகு இருநூறு. பிறகு நஞ்சப்பனின் நோட்டுகள், புளி வாசத்தோடு, மடிப்பு மடிப்பாக. இரண்டாயிரத்து இருநூறு. மூவாயிரத்து இருநூறு. அதற்கப்புறம் எல்லாம் நூறும் ஐம்பதும் இருபதும். ஒரு நோட்டு கீழே விழுந்தது, குனிந்து எடுத்து வைத்தார்.

"மூவாயிரத்து அறுநூத்து முப்பது" என்றார். கடைசி இருபது ரூபாயை எடுத்து, நோட்டுகளுக்கு மேலே என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"மூவாயிரத்து அறுநூத்தம்பது. சரிங்களா?"

"சரிங்க" என்றேன்.